வெள்ளிக்கு முதல் விற்றுப்போன மீன்

டேக்அவே கடையில் நிற்பவள் வாடிக்கையாளருக்கும் பதில் சொல்லவேண்டும், முதலாளிக்கும் பதில் சொல்லவேண்டும். ஆனால் எங்கள் சமையல்காரி மார்வாவுக்கு நடந்த அநியாயத்துக்கு என்னிடம் பதிலே இல்லை: அவர் தன் ஆட்களுக்கென்று ஊறவைத்த மீனை, ஒரு வார்த்தை கேட்காமல் முதலாளி விற்றுவிட்டார். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அச்சாறு

செவன் ஹில்ஸில் முதலாளி சிவா அங்கிளின் கடை. மார்வா ஜமைக்காக்காரி என்பதால், இடியப்பத்துக்குப் பக்கத்தில் ஜமைக்கா மீனும் இருந்தது. முழு மீனைப் பொரித்து, வெங்காயமும் கரட்டும் மிளகாயும் போட்டுக் காய்ச்சிய புளிக்கும் வினாகிரியை மேலே ஊற்றுவார். யூனி வகுப்பு முடிந்து வந்து நான்தான் விற்பேன். ஒரு அன்ரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “பொரியல் நல்லாத்தான் இருக்கு பிள்ளை. அச்சாறை ஏன் அதுக்கு மேல கொட்டினனீங்கள்?”

கருவாடு

உப்புமீனை ஊறவைத்து, அவித்து, உப்பைப் போக்கித்தான் மார்வா தாளிப்பார். தமிழ்நாட்டு அண்ணா ஒருவர் ருசி பார்த்தார். இது மார்வாவின் ஊர்ப் பக்குவம் என்று நான் வாதாடினேன். அவர் அசையவில்லை: “உப்பை எல்லாம் எடுத்துட்டா அப்புறம் எதுக்குங்க கருவாடு?”

இரண்டு வெள்ளி

சிரிப்பு இதோடு முடிந்தது.

பெரிய வெள்ளியில் ஜமைக்காக்காரர் இறைச்சி தொடமாட்டார்கள், மீன்தான். அதுவும் வியாழனே பொரித்து, வினாகிரியில் ஊறவிட்ட மீன். மெரிலேண்ட்ஸில் தன் தேவாலயத்து ஆட்களுக்காக மார்வா கடைக் குசினியில் அண்டா நிறைய ஊறவைத்துவிட்டுப் போனார். அங்கிளுக்கோ எந்த வெள்ளியும் விரதம், மரக்கறிச் சாப்பாடுதான். விடியும்போது குசினியில் மீன் இருக்கக்கூடாதென்று, வியாழன் மாலையே அரைவிலைக்கு விற்றுத் தீர்த்தார்.

காலையில் மார்வா கழுவிக் கவிழ்த்த அண்டாவைப் பார்த்தார். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். போய்விட்டார். நான் அங்கிளோடு மல்லுக்கு நின்றேன்.

“அது அவவின்ர விரதம், அங்கிள்!”

“மீன் திண்டு ஆரும் விரதம் பிடிப்பினமே?”

சமாதானம்

அதுவும் விரதம்தான் என்று அங்கிளுக்கு விளங்கியபோது காலம் கடந்திருந்தது. “வரச் சொல்லு பிள்ளை. அடுத்த பெரிய வெள்ளி குசினி அவவுக்குத்தான்” என்று அங்கிள் தூது அனுப்பினார். மார்வாவின் வீட்டு வாசலில் நின்று, ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் பேசினேன். வினாகிரி மணத்தது. அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

“கடைக்கு வரமாட்டேன், டார்லிங். கோபம் போய்விட்டதென்று உன் அங்கிளிடம் சொல். இங்கே வந்து என் மீனைச் சாப்பிடட்டும், ஆனால் வெள்ளிக்கிழமைதான் வரவேண்டும்.”