தூரத்து மலைக்கு முதல் விசில்

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான் பெண் கங்காணி ஒருவரைச் சந்தித்தேன். சிவப்பு மழைக்கோட்டு. ஷூ நாடாவில் கோத்த விசிலை ஊதாதபோதும் கடித்துக்கொண்டே இருந்தார்.

கொழுந்து நிறுக்க ஆட்களைக் கூப்பிடும்போது தூரத்து மலைக்கே முதலில் ஊதினார். ஏன் என்று கேட்டேன்.

"மேல்மலை ஆளுங்க நடந்து வரணும்ல சார்? அதுக்குள்ள கிட்ட உள்ளவங்க நிறுத்துட்டுப் போயிருவாங்க. மாத்திக் கூப்பிட்டா தராசு சும்மா தொங்கும்."

விண்வெளி உணர்கருவிகள் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளாமல் செய்தி அனுப்பத் திட்டம் வகுப்பது என் வேலை. கிட்ட இருப்பதை முதலில் அழைத்து, தொலைவில் இருப்பதன் செய்தி வரும்வரை அலைவரிசையைச் சும்மா கிடக்கவிட்டிருந்தேன். அன்றே வரிசையை மாற்றினேன். காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது.

நன்றி சொல்லத் திரும்பப் போனேன். கதையைக் கேட்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"வானத்துலயும் தூரத்து ஆளுங்களைக் கடைசியாத்தான் கூப்பிடுறாங்களா சார்?"

"இனிமே இல்லைங்க" என்றேன்.