அந்தப் பேஸ்மென்றில் எங்களுக்கு மூச்சுத் தந்தவர்

தொண்ணூற்றி நாலாம் வருஷம் தை மாசம், கனடாவில டோர்செட் பார்க்கில ஒரு வீட்டின்ர பேஸ்மென்றில, நிலத்துக்குக் கீழ இருந்த அறையில, நாங்கள் நாலு பேரும் செத்துக்கொண்டிருந்தம். அது எங்களுக்குத் தெரியாது.

முதல்ல தலையிடி எண்டுதான் துவங்கினது. எனக்கும் என்ர மனுசனுக்கும் வந்தது, பிறகு அஞ்சு வயசு மகள் தர்சினிக்கு. வயித்தைப் பிரட்டிச் சத்தியும் எடுத்தாள். கைக்குழந்தை பால் குடிக்கேக்கயே நித்திரையாப் போயிடுவான். கன்னம் ரெண்டும் சிவந்திருந்தது. "இவனுக்குக் கனடா நிறம் வந்திட்டுது" எண்டு என்ர மனுசன் பகிடி விட்டவர். டொக்டர் ஃப்ளூ எண்டார். அந்த மாசம் சரியான குளிர். யன்னல் இடுக்கெல்லாம் இவர் பிளாஸ்டிக் வைச்சு ஒட்டியிருந்தார்.

ஒண்டுதான் விளங்கேல்லை. வேலைக்குப் போனால் இவருக்குத் தலையிடி நிண்டுடும். வீட்டுக்குள்ள கால் வைச்சால் திரும்ப வரும். இவரின்ர பெரியம்மா ஃபோனில சொன்னா: "பிள்ளை, உந்த வீட்டில என்னவோ இருக்கு. விட்டிட்டு வெளிக்கிடுங்கோ."

எங்க வெளிக்கிடுறது?

நான் அப்ப சைவசமயம். எங்களை ஸ்பொன்சர் பண்ணி இஞ்ச எடுப்பிச்சது மெனோனைற் எண்ட ஒரு கிறிஸ்தவ சபை. ஆயுதம் தொடாத சனம், போருக்குப் போகாத சனம் எண்டு மட்டும் தெரியும். அந்தச் சபையில இருந்து ஹென்றி அங்கிளும் அவரின்ர மனுசி மார்த்தா அன்ரியும்தான் எங்களைப் பாத்துக்கொண்டவை. சாப்பிட முதல் அவை கண்ணை மூடி நன்றி சொல்லுவினம். எனக்குத் தெரிஞ்ச செபம் அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தர்சினி, "அம்மா, என்ர காலைக் காணேல்லை" எண்டு சொல்லி நிலத்தில சரிஞ்சாள். இவர் கட்டிலில கிடந்தவர், கூப்பிட்டும் எழும்பேல்லை. ஃபோன் நாலடி தூரத்தில இருந்தது. என்னால போக ஏலேல்லை. பயம்கூட வரேல்லை, அதுதான் பயங்கரம். நித்திரை இனிச்சுது. மகனை மடியில வைச்சபடி, "மார்த்தா அன்ரி கும்பிடுற ஆண்டவரே, ஆரையாவது அனுப்பும்" எண்டு வாய்க்குள்ள சொன்னன்.

கதவைத் தட்டிற சத்தம் கேட்டுது. நான் எழும்பேல்லை. தட்டினவர் போகவும் இல்லை. பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஹென்றி அங்கிள். சபைப் பொம்பிளையள் கூடித் தைச்ச போர்வை ஒண்டு கையில. அடுத்த கிழமைதான் கொண்டுவாறதா இருந்தவர். அண்டைக்குக் காலமை முழுக்க மார்த்தா அன்ரி, "இண்டைக்கே குடுத்திட்டு வாங்கோ" எண்டு ஒரே பிடியா நிண்டவவாம்.

பிள்ளையளின்ர முகத்தைப் பாத்தார். அவரின்ர முகம் வெளிறிப் போச்சு.

"வெளியால! எல்லாரும் வெளியால!"

சத்தமாக் கதைச்சு ஒரு நாளும் நான் கேளாத மனுசன். ரெண்டு பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு படியேறினார். திரும்பி வந்து இவரை இழுத்தார். நான் தவண்டு ஏறினன். பனியில போர்வையை விரிச்சுப் பிள்ளையளைக் கிடத்தினார்.

தீயணைப்புக்காரர் வந்து பாத்தவை. வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸின்ர புகைக்குழாய் அடைபட்டு, மணமில்லாத நச்சுவாயு எங்கட அறைக்குள்ள நிறைஞ்சிருந்திருக்கு. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஒருத்தரும் தப்பியிருக்க மாட்டியள்" எண்டார் ஒருத்தர்.

ஆஸ்பத்திரியில ஹென்றி அங்கிள் எங்களுக்குப் பக்கத்தில இருந்து சொன்னார்: "அப்ப எனக்கு ஏழு வயசு. ரஷ்யாவில இருந்து நாங்களும் அகதியாத்தான் வந்தனாங்கள். முதல் பனிக்காலம், கரியடுப்பு. குளிர் வராமல் அப்பா சந்தெல்லாம் துணி வைச்சு அடைச்சவர். என்ர தங்கச்சியின்ர கன்னமும் இப்பிடித்தான் சிவந்திருந்தது. அவள் பிறகு எழும்பேல்லை."

இவர் அவரின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதார். யன்னலை ஒட்டினது தான்தானே எண்டு.

அந்தத் தங்கச்சிக்கு ஏன் ஆரும் வரேல்லை? அங்கிளுக்கு இண்டைவரைக்கும் அதுக்கு மறுமொழி கிடைக்கேல்லை. அதை மறைச்சுச் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நான் கேட்ட நேரத்தில ஆள் வந்தது. நாலு பேரும் உயிரோட இருக்கிறம்.

அடுத்த வருஷம் நான் ஞானஸ்நானம் எடுத்தன். இவர் எடுக்கேல்லை, நான் நெருக்கிறதும் இல்லை. ஆனால் ஆர் புதுசா வந்து பேஸ்மென்ற் எடுத்தாலும், முதல் போய் அந்தக் குழாயைப் பாக்கிறவர் இவர்தான்.

சகோதரங்களே, உங்களை அமத்துறது என்னெண்டு தெரியாட்டிலும் கேளுங்கோ. வடிவான வார்த்தை தேட வேண்டாம். எனக்கு அண்டைக்கு ஆண்டவரின்ர பேரே தெரியாது. எண்டாலும் அவருக்குக் கேட்டது.