பூட்டுக்காரர் வீட்டுக் கதவு

யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும் பூட்டுக்காரரைத்தான் தேடுவார்கள். ஆனால் அவர் வீட்டுக் கதவு மட்டும் பகலில் பூட்டியதே இல்லை. சாயங்காலம் அவர் படியேறி வரும்போது சும்மா சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து மனைவி, "வாங்க பூட்டுக்காரரே, திறக்கத் தெரியுதா?" என்பாள். தினமும் அதே கேலி. தினமும் அதற்கு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே மனுஷன் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு ஓடிவருவார்.

ஒருநாள், மாடிப்படியில் யாரோ நின்று தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். போய்ப் பார்த்தார், ஒருவரும் இல்லை. "உள்ள வந்துடுவாங்கங்க" என்று நடுங்கினாள். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து பூட்டு. கதவின் உள்பக்கம் புதிதாக ஒன்றைப் பொருத்தினார். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தாள். மூன்றாம் நாள், அவர்கள் அதையும் திறக்கக் கற்றுக்கொண்டார்கள் என்றாள். இன்னொன்று போட்டார். இப்படி ஒன்றரை வருஷத்தில் ஏழு! ஊருக்கெல்லாம் புத்திசாலி, சொந்த வீட்டில் அடிமுட்டாள்.

கடைசியில் அவரையே அவள் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவர், கல்யாணத்தன்று போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று வெளியே நின்று ஒப்பித்தால்தான் கதவு திறக்கும். உறவுக்காரர்கள் அவளுக்குத் திமிர் என்றார்கள்.

ஒருநாள் மனநல மருத்துவமனையில் மருந்து அலமாரியின் பூட்டு மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிட்டார்கள். திருப்புளியைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல், பக்கத்தில் நின்ற நர்ஸிடம் கேட்டார்.

"சிஸ்டர், இல்லாத ஆளுங்க பேசறது ஒருத்தங்களுக்குக் கேக்குமா?"

"நிஜமாவே கேக்கும். நடிப்பில்ல, அது ஒரு நோய். வைத்தியம் இருக்கு. வீட்டுல யாருக்குண்ணா?"

அவ்வளவுதான், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். ஏழு பூட்டையும் சொன்னார். நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை.

"பாசத்துலதான் போட்டீங்க. ஆனா ஒவ்வொரு பூட்டும் அவங்ககிட்ட, ஆமா, ஆள் வர்றாங்கன்னு சொல்லியிருக்கு."

"இன்னைக்கே கழட்டிடறேன்."

"ஐயோ, வேணாம்! அவங்க சொல்றப்ப கழட்டுங்க. குரல் பொய்னு சண்டை போடாதீங்க, நிஜம்னும் சொல்லாதீங்க. எனக்குக் கேக்கல, ஆனா நீ பயப்படறது புரியுது, நான் கூட இருக்கேன்னு சொல்லுங்க."

டாக்டரும் நர்ஸும் வீட்டுக்கே வந்தார்கள். இரண்டு முறை மூடிய கதவோடு பேசிவிட்டுத் திரும்பினார்கள். மூன்றாம் முறை திறந்தாள். முதலில் கொடுத்த மாத்திரையில் எந்நேரமும் தூங்கி வழிந்தாள், கை நடுங்கியது. டாக்டரிடம் சொன்னார்கள்; மாற்றிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒருநாள் புருஷனும் மனைவியும் மருத்துவமனைக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். ஐந்தாம் மாதம் அவளே ஒரு பூட்டைக் காட்டி, "இது வேணாங்க" என்றாள். அப்புறம் இன்னொன்று. ஏழும் போய், கதவோடு வந்த பழைய பூட்டு மட்டும் மிஞ்சியது. அதை உள்ளிருந்து பூட்டிக்கொள்வாள். அவர் தன் சாவியால் திறந்து வருவார்.

குரல்கள் அடியோடு போகவில்லை. "தூரத்துல கேக்குது, நான் கண்டுக்கறதில்ல" என்றாள். எல்லாம் சரிதான். சிரிப்பு மட்டும் திரும்பவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளைப் பார்த்துக்கொண்டே அவளுக்காக ஏங்கினார். நன்றி கெட்ட ஏக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஏக்கம் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் சாவியைப் போட்டுத் திருப்பினால், திரும்பவில்லை. மறுபடியும் என்ன ஆயிற்றோ! மண்டியிட்டு ஓட்டைக்குள் பார்த்தார், எண்ணெய் விட்டார், கம்பியை நுழைத்துக் குடைந்தார். வேர்த்துக் கொட்டியது.

"பூட்டுக்காரரே," உள்ளேயிருந்து குரல் வந்தது. "பூட்டவே இல்லைங்க. தள்ளுங்க."

அதற்குப் பின்னால், கொஞ்சம் தயங்கி, அந்தச் சிரிப்பு.

விரலால் தொட்டால் திறந்துவிடும். அவர் தொடவில்லை. எண்ணெய்க் கையோடு அப்படியே மண்டியிட்டிருந்தார்.

"திறக்கத் தெரியலையே" என்றார். "நீயே வந்து திற."