மாசியில் கேட்ட சீத்தாப்பழம்

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு தள்ளுவண்டியில் சீத்தாப்பழம் அடுக்கி வைத்திருந்தார்கள். இந்த மாசி மாசத்தில். ஒவ்வொரு பழத்துக்கும் வெள்ளை வலையில் சட்டை வேறு. ஒரு கிலோ வாங்கி வந்தேன். பாப்பா பாதி தின்றுவிட்டு, "கொட்ட ஜாஸ்தியா இருக்குப்பா" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். தம்பி தொடவே இல்லை. அதற்காகத் திட்ட உட்காரவில்லை, பயப்படாதீர்கள். மாசியில் சீத்தாப்பழம் என்றதும் ஒரு சங்கதி ஞாபகம் வந்தது. உங்கள் ரெண்டு பேருக்கும் எழுதி வைக்கலாமே என்று தோன்றியது. பத்தாவது தாண்டாத கை இது. ஒன்றைச் சொல்லப்போய் இன்னொன்றில் விழுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போதெல்லாம் பழம் அதற்கு இஷ்டப்பட்ட மாசத்தில்தான் வரும். சித்திரை தாண்டினால் வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸின் கூரையில் பலாப்பழம் உட்கார்ந்து வரும். பஸ் போய் வெகுநேரம் ஆன பிறகும் ரோட்டில் வாசனை நிற்கும். அப்புறம் நாவல். பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் ஊதாக் கறை, வீட்டுக்கு வீடு அடி. ஆவணியில் ரெண்டு மழை விழுந்தால்தான் சீத்தா. கச்சிராயப்பாளையம் ரோட்டோரம் மலைக்காரப் பெண்கள் கூடையை இறக்கி, அந்த மரத்து இலையையே மேலே போட்டு மூடி உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் பெங்களூர் அத்தை, அதாவது என் அக்கா, முதல் பிள்ளை உண்டாகி நம் வீட்டுக்கு வந்தது ஒரு மாசியில். சோறு கொதிக்கிற வாசனை பட்டாலே வாந்தி. அம்மா எலுமிச்சங்காய், புளி, மாவடு என்று எது எதையோ கொண்டுபோய் நீட்டினாள். அக்கா தலையை ஆட்டினாள்.

"நான் இன்னாம்மா செய்யட்டும், நாக்கு சீத்தாப்பழத்தத்தான் கேக்குது."

மாசியில் எங்கே போவது? மரத்தில் இலையே இருக்காது. அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கரும்பும் வாழையும் வைத்திருந்தவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பெண் ஏதாவது கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

ஆனியில், மலையில் காய் பிடித்துவிட்டது என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிப் போய் அங்கே பழக்கமான ஒருத்தர் கொல்லையில் அரைச் சாக்கு காய் அறுத்து வந்தார். சீத்தாக்காய் மேலே இருக்கிற மேடுகள் விலகி நடுவில் வெளுக்க வேண்டும். கண் திறப்பது என்போம். கண் திறக்காத காயை அறுத்தால் பழுக்காது. அப்பாவுக்கு அது தெரியாதா, தெரியும். ஆனால் வாழைத்தாரைக் குழியில் வைத்து, மண்ணால் மூடி, வறட்டிப் புகையை ஊதி மூட்டம் போட்டே பழகிய கை அது. மூணு நாளில் பச்சைத் தார் மஞ்சளாகிவிடும். வாழைக்கு ஆவது இதற்கு ஆகாதா என்று அவருக்கு ஒரு நப்பாசை.

புகை ஊதியது நான். கண்ணெல்லாம் எரிந்தது. குழியைத் திறந்தபோது எல்லாம் கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடந்தன. அப்பா ஒன்றைக் கல்லில் தட்டி உடைத்து, நுனி நாக்கில் வைத்துத் துப்பினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா சொன்னாள்:

"அப்பா, என்னியும் மூட்டம் போட்டு சீக்கிரம் பெக்க வெச்சிடாதீங்க."

அப்பாவே சிரித்துவிட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். மிச்சத்தை மாட்டுக்கு வைத்தேன். மாடு மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆவணி நடுவில் அக்காவுக்கு ஆண் குழந்தை. அதே வாரம் கச்சிராயப்பாளையம் ரோட்டில் கூடைகள் இறங்கின. அப்பா காய் அறுத்து வந்த கொல்லைக்காரரே, "பொண்ணு கேட்டுச்சுன்னு சொன்னீங்களே" என்று ஒரு கூடைப் பழத்தோடு வாசலில் வந்து நின்றார். எல்லாம் கண் திறந்த பழம். வாசனை அறை வரைக்கும் போனது.

அம்மா வழியை மறித்துக்கொண்டாள். பச்ச ஒடம்புக்காரி, குளிர்ச்சி, பாலில் இறங்கினால் குழந்தைக்குச் சளி கட்டும் என்றாள். குழந்தைக்கு முந்தின நாளிலிருந்தே மூக்கடைப்பு. அம்மாவிடம் எதற்கும் கேட்டு நின்றறியாத அப்பா, கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு பழம்?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

உள்ளே காதில் துணி கட்டிப் படுத்திருந்த அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எடுத்துக்கினு போயிடுங்கப்பா. வாசன வருது."

கூடை தெருப்பிள்ளைகளுக்குப் போனது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் யாரும் தின்னவில்லை. அடுத்த வருஷம் தின்னுக்கலாம் என்று அவளுக்குச் சொன்னோம். அதற்குள் மாமா கட்டட வேலைக்கு அவளையும் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டார். பொங்கலுக்கு வருவார்கள். ஆவணியில் வர முடிந்ததே இல்லை. அப்பா மட்டும் வருஷா வருஷம் அந்த ரோட்டுக்குப் போய், கூடைக்கு முன்னால் குந்தி, நல்ல பழமாகப் பொறுக்கித் தனியே வைப்பார். பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். "வாங்கறவரு மாதிரியும் இல்ல, போறவரு மாதிரியும் இல்ல" என்று அந்தப் பெண்கள் ஏசுவார்கள்.

இப்போது அந்த இடத்தில் கூடைகள் இல்லை. காயிலேயே மொத்தமாகப் பேசி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அப்பாவும் இல்லை.

அன்றைக்கு நீங்கள் மிச்சம் வைத்த பழத்தைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். மாசியிலேயே கிடைக்குதுக்கா, யார் கையிலாவது குடுத்து அனுப்பட்டுமா என்றேன்.

"இங்க வருஷம் பூரா கெடைக்குதுடா. நான்தான் வாங்கறதில்ல."

ஏன் என்று கேட்டேன்.

"தெரில. நாக்கு கேக்கல." அப்புறம் ஊரில் மழை உண்டா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அப்பா உயிரோடு இருந்திருந்தால், நாக்கு கேட்கவில்லை என்று அக்கா சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன்.