மீன் போடாத மீன்குழம்பு

பொண்ணு கொடுக்கிறதுக்கு முன்னாடி நாங்க விசாரிக்காத விஷயமே இல்ல. பையன் குடிப்பானா, சீட்டாடுவானா, அம்மாக்காரி வாய் எப்படின்னு பெரிய முதலியார்சாவடி வரைக்கும் ஆள் விட்டுக் கேட்டோம். மீன் தின்பானான்னு மட்டும் கேக்கல. கடலோரத்துல பொறந்த பையனப் பத்தி அதையுமா கேப்பாங்க?

மறுவீட்டு விருந்துக்கு முந்தின நாள் காலையில பொண்ணு போன் பண்ணினா. "அம்மா, அவர் கறி, மீன், முட்டை எதையும் தொட மாட்டாராம். பால், மோரும் கிடையாது."

"ஏண்டி, உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லம்மா, என்விரான்மெண்ட்டுக்காக."

உடம்புக்குன்னா டாக்டர்கிட்டயாவது காட்டலாம். இதுக்கு யார்கிட்ட போறது?

என் வீட்டுக்காரர் அப்பத்தான் கடல்ல இருந்து வந்திருந்தார். கையில ஒரு வஞ்சிரம். மாப்பிள்ளையோட முதல் விருந்துக்குத் தன் வலையில விழுந்த மீனத்தான் போடுவேன்னு கரையில எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்த மனுஷன். நான் விஷயத்தைச் சொன்னேன். "மீன் பிடிக்கக் கூடாதுன்னு கவர்மெண்ட் போடுற தடைக்காலம் பத்தாதுன்னு மாப்ள வேற ஒண்ணு போடுறாரா?"ன்னு கேட்டார். அதோட சரி. வஞ்சிரத்தை ஏலத்துல தள்ளிட்டு வந்து, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். சோறு வேணாம்னுட்டார். எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, எரிச்சலாவும் இருந்துச்சு. நாளைக்கு சமைக்கப் போறது நான். படுத்துக்க மட்டும் அவருக்கு முடியுது.

மறுநாள் விடிஞ்சதும் அடுப்பு பத்த வெச்சேன். மீன்குழம்பு மசாலாவையே அரைச்சு, மண்சட்டியில கத்திரிக்காயும் மாங்காயும் போட்டேன். வாழைக்காயை மீன் துண்டாட்டம் சீவி, மிளகாத்தூள் தடவி வறுத்தேன். பலாக்காயைக் கறி மாதிரி வதக்கினேன். ஒவ்வொண்ணும் மீனாட்டம், கறியாட்டம். கடைசியில எல்லாம் காய்தான். எட்டிப் பார்த்த சொந்தக்காரங்க, "என்னாச்சு, கடல் வத்திப் போச்சா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. ஒத்தாசைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரரோட அக்காகிட்ட அடுப்பை ஒப்படைச்சுட்டு நான் குளிக்கப் போனேன்.

மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, அதுல குறையே சொல்ல முடியாது. பொண்ணு பக்கத்துல உக்காந்து, குழம்பை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பெரிய பெரிய வலை போட்டுக் குஞ்சு மீனக்கூட விடாம அள்ளுறத பத்திச் சொன்னார், மாட்டுக்காகக் காட்டை அழிக்கிறத பத்தியும் சொன்னார். "இப்படி ஒரு ருசி இருக்கும்போது மீன் எதுக்கு அத்தை?"ன்னார். நேத்து சுவரைப் பார்த்துப் படுத்த என் வீட்டுக்காரர், கரண்டியும் கையுமா நின்னு, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க மாப்ள"ன்னு சிரிக்கிறார். மனுஷன் மனசு மாறிட்டார்னு நான் பூரிச்சுப் போய்ட்டேன்.

சோறு எடுக்க உள்ள போனா, அடுப்பு மேடையில சென்னாக்குன்னி டப்பா காலியாக் கிடக்குது. காய வெச்ச பொடி இறால். இடிச்சுத் தூவினா எந்தக் குழம்பும் மணக்கும். டப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

"அண்ணி, இதப் போட்டீங்களா?"

"வாசனைக்கு ஒரு பிடி. தம்பிதான் போடச் சொன்னான்."

வாயை மூடிக்கிட்டா எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அந்தப் பிள்ளை நம்பித்தானே சாப்பிடுது. என் பொண்ணு நாளைக்கு அந்த முகத்தப் பார்த்துக் குடும்பம் நடத்தணுமே. வெளிய வந்து, "மாப்ள, குழம்பு வேணாம். அதுல இறால் பொடி இருக்குது"ன்னு போட்டு உடைச்சுட்டேன்.

மாப்பிள்ளை கை இலையிலேயே நின்னுடுச்சு. பொண்ணு அப்பாவை முறைச்சா.

என் வீட்டுக்காரர் கரண்டியக் கீழ வெச்சார். "நான்தான் போடச் சொன்னேன். தப்புதான். வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கடலுக்குப் போறேன். என் வீட்டுக்கு வந்த மாப்ள அந்தக் கடல்ல இருந்து ஒண்ணுமே வாயில வெக்காம எழுந்து போனா, எனக்குத் தாங்காது." குரல் உடைஞ்சு போச்சு. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன அப்படி நான் பார்த்ததே இல்ல.

மாப்பிள்ளை எழுந்திருக்கல. குழம்புச் சோத்தை ஓரமா ஒதுக்கினார். "அத்தை, வெறும் சோறு போடுங்க. மாமா, நீங்க உப்பு வைங்க. அதுவும் கடல்ல இருந்து வர்றதுதானே."

"அது உப்பளத்துக்காரன் விளைவிச்சது, என் வலையில வரல"ன்னு முனகிக்கிட்டே இவர் உள்ள போனார். திரும்பி வந்து இலையில ஒரு கை உப்பு வெச்சார். நாலு பேர் சோத்துக்குப் போதும். மாப்பிள்ளை அவ்வளவையும் போட்டுப் பிசைஞ்சு, தண்ணியக்கூடத் தொடாம, ஒரு பருக்கை விடாம சாப்பிட்டார்.