இருபத்து மூன்றாம் கம்பத்து அழைப்பு

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். அன்றைக்கு என் காதால் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் நாட்டின் முதல் விரைவுச்சாலை திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் அப்படியொரு சாலையை யாரும் பார்த்ததில்லை. சிக்னல் கிடையாது, குறுக்குத் தெரு கிடையாது, வேகத்துக்கு வரம்பும் கிடையாது. ஆசை தீர மிதிப்பார்கள். பத்தாவது மைலில் இன்ஜின் கொதித்து நின்றுவிடும். சிலர் குடும்பத்தோடு சாலை ஓரத்தில் விரிப்பைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். வழி தவறியவர்கள் நடுப் புல்தரையில் ஏறி, வந்த வழியே திரும்புவார்கள். அதனால் மைலுக்கு ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு தொலைபேசி. யாராவது ரிசீவரை எடுத்தால், கட்டுப்பாட்டு அறையில் என் முன்னால் இருக்கும் பலகையில் அந்தக் கம்பத்தின் விளக்கு எரியும். ரோந்து வண்டியை அனுப்புவது என் வேலை.

வேலையை வாங்கிக் கொடுத்தவர் என் அண்ணன். சாலை போட்ட காலத்தில் அவர் சூப்பர்வைசர். என் கணவர் அவருக்குக் கீழே வேலை பார்த்து, சாலைக்கு அடியில் குழாய் பதித்துக்கொண்டிருந்தார். திறப்புக்கு முந்தைய நாள், ஒழுகின குழாய் ஒன்றைச் சரிசெய்யப் போன கணவர் வீடு திரும்பவில்லை.

"வேற ஒருத்தியோட பஸ் ஏறிட்டான்மா. என் கண்ணாலயே பாத்தேன். அவன மறந்துரு" என்றார் அண்ணன்.

சொன்னது கூடப் பிறந்தவர். நம்பினேன். கணவருடைய சட்டைகளை எல்லாம் வாரிப் பழைய துணிக்காரனிடம் போட்டேன்.

அன்று மதியமே மூடுபனி இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை.

சரியாக 4:12. இருபத்து மூன்றாம் விளக்கு எரிந்தது.

"சொல்லுங்க, வண்டிக்கு என்ன ஆச்சு?"

மூச்சு மட்டும்... அடைத்துக்கொண்ட மூச்சு. பிறகு ஒரு லாரி போகிற சத்தம். பக்கத்தில் அல்ல. மேலே. தலைக்கு மேலே உருண்டு போனது.

இருபத்து மூன்றாம் மைலில் பாலமே கிடையாது.

ரோந்துக்காரரை அனுப்பினேன். 4:31-க்கு வயர்லெஸ்ஸில் வந்தார்.

"இங்க யாரும் இல்லக்கா."

"நல்லா பாருங்க. விளக்கு இன்னும் எரியுது."

"போன் பெட்டிக் கதவுல சிலந்தி வலை கட்டியிருக்கு. இதத் திறந்தே பல நாள் ஆயிருக்கும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை. மறு காதில் வைத்திருந்த ரிசீவரில் அந்த மூச்சு...

"மேல வண்டி ஓடுதே... ரோட்டத் திறந்துட்டாங்களா?"

எனக்குத் தெரிந்த குரல்.

முதலில் கோபம்தான் வந்தது. "மூணு மாசமா எங்க போயிருந்தீங்க? எவ கூட?"

மண் சரிகிற மாதிரி ஒரு சத்தம்.

"நான் எங்கயும் போகலியே, வாயாடி..."

என்னை அப்படிக் கூப்பிட ஒருவர்தான் உண்டு.

4:38. விளக்கு அணைந்தது.

வேலை முடிந்ததும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யார்கிட்ட சொன்ன?"

அவ்வளவுதான் கேட்டார். என் கணவர் எப்படி இருக்கிறார், எங்கிருந்து பேசினார்... எதுவும் கேட்கவில்லை. அந்த நிமிடத்தோடு என் அண்ணன் எனக்கு 'அவர்' இல்லை, 'அவன்' ஆகிப்போனான்.

போலீஸில் பேய் என்று சொல்லவில்லை. கணவரைக் காணோம், அண்ணன் மேல் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தேன். வேலைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அந்தக் கடைசி நாளில் கணவர் வேலை செய்த இடம் இருபத்து மூன்றாம் மைல்.

சாலையைத் தோண்டினார்கள். சரிந்த மண்ணுக்குள், குழாயை ஒட்டி, உட்கார்ந்தபடியே இருந்தார்.

அந்த அழைப்பு எப்படி வந்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. தொலைபேசியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை.

மண் சரிந்ததை மறைத்துச் சாலை போட்டதற்காக அண்ணனுக்குத் தண்டனை சொன்ன அன்று, அந்தச் சாலையில் ரோலர் ஓட்டியவர் நீதிமன்ற வாசலில் என்னிடம் வந்தார். முகத்தைப் பார்க்கவே கூசினார்.

"மண்ணு சரிஞ்சப்ப அவரு சாகலம்மா. குழாய் வழியா குரல் கேட்டுச்சு. தோண்டிரலாம்னு சொன்னேன். 'நாளைக்குத் திறப்பு, மூடு'ன்னாரு உங்க அண்ணன். என் வேலை போயிருமேன்னு நானும்..."

"என்ன சொன்னார்? உள்ளேருந்து?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"'மச்சான்... மச்சான்'னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரும்மா. நாங்க தார் போட்டு முடிக்கிற வரைக்கும்."