எஃப்எம்மில் மட்டும் பெய்த மழை

இன்று காலை ஆரணியில், எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டு நூல், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. நனைந்தால் அவ்வளவுதான்.

தறிக்காரர் ஏகாம்பரம் அண்ணனின் ரேடியோவில் எஃப்எம் பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று தொகுப்பாளினி, "நம்ம ஊர்ல செம மழை! ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு கேளுங்க" என்றார்.

"மழ வந்துகினு இருக்குதாம், ஜல்தியா சுருட்டுங்க!" என்று அண்ணன் கத்தினார். ஆறு பேர் விழுந்தடித்துச் சுருட்டினோம்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அண்ணன் விடுவாரா? எஃப்எம்முக்கே போன் போட்டார். எடுத்த பெண் சிரித்துவிட்டார்.

"எங்கள பெரிய கம்பெனி வாங்கிட்டாங்க சார். இப்ப எல்லா ஊருக்கும் சென்னையிலிருந்துதான் நிகழ்ச்சி. மழை இங்கதான்."

"சரி, ஒரு பழைய பாட்டாவது போடும்மா."

"கம்பெனி கொடுத்த லிஸ்ட்ல இருக்கறதுதான் சார் வரும்."

"அந்த லிஸ்ட்டு காலையிலேர்ந்து மூணு தடவ வந்துட்ச்சேம்மா!"

ரேடியோவை அணைத்துவிட்டு, பாவை மறுபடி நீட்டியபடி அண்ணனே பாட ஆரம்பித்தார். குரல் சுமார்தான். ஆனால் பாடிய பாட்டைத் திரும்பப் பாடவில்லை. நடுநடுவே அண்ணாந்து பார்த்து, ஆரணி வானிலையும் சொன்னார்.

உங்கள் எஃப்எம்மில் இப்போது எந்த ஊர் மழை?